கழுகு இறங்கும் வேளை

1

வணக்கத்திற்குரிய வாசகர்களே, இது கதையாகத் தொடங்கவில்லை. திருக்கழுக்குன்றத்து மலையில் உச்சிவேளைப் பொங்கலுக்கு வரும் வெள்ளைக் கழுகையும், அதே மலையின் நாட்டுக் குரங்கையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதவே விழைந்தேன். கழுகு அழைத்தால் வரும். சில நாள் வராது. குரங்கு அழையாமலே வரும், எந்நாளும் வரும். ஆகவே முன்னதைத் தரிசனம் என்கிறோம், பின்னதை...

(இவ்வாக்கியத்தை முடிக்கத் துணிவில்லை. பொறுத்தருள்க.)

2

முதல் தொடக்கம்: "1974, பங்குனி வெயிலில் மலை மிதந்தது." மலை மிதக்குமா என்று ஐயுற்று அடித்துவிட்டேன். ஆயினும் அன்று கீழே குளமும் கிழக்கே கடலும் ஒரே வெண்புகையாய்க் கலந்திருந்தன. மிதக்கத்தான் செய்தது.

3

புதுப்பட்டினத்துக் குப்பம்மாவின் கணவன் இருசப்பன் கட்டுமரத்தில் போனவன், திரும்பவில்லை. "உன் பாவந்தான் அவன முழுங்கிச்சி" என்றாள் நாத்தனார் கன்னியம்மா. கழுகு வராவிட்டால் கூட்டத்தில் ஒரு பாவி இருப்பதாகச் சொல்வது அம்மலையின் வழக்கம். அதனால்தான் குப்பம்மா வந்திருக்கிறாள்: கழுகு இறங்கினால் அவள் பாவியல்லள். கன்னியம்மாவும் வந்திருக்கிறாள், சாட்சியாக.

குருக்கள் பொங்கலை ஏந்திக் காத்திருந்தார். வானம் வெறுமையாகவே இருந்தது.

"எவனோ பாவி வந்துகீறான்பா!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"எவனோ இன்னா எவனோ? இங்கதான் குந்திகினு கீது," என்றாள் கன்னியம்மா.

குப்பம்மா எழுந்தாள். "நான் எறங்கிடறேன். மத்தவங்களாவது பாக்கட்டும்."

4

(இவ்விடத்தில் கழுகை வரவழைக்க எண்ணியிருந்தேன். அதற்குள், நான் எழுதாத ஒரு குரங்கு வந்து அவள் முந்தானையைப் பற்றிக்கொண்டது. அவள் மடியில் வாழைப்பழம்.)

"உடு, சனியனே! நான் போனாதான் கழுகு வரும்."

குரங்கு விரட்டக் கோலோடு நின்ற உலகநாதன் சிரித்தான். "யக்கோவ், அது உடாது. போன வாரம் என் வேட்டியப் புடிச்சிகினு அடிவாரம் வரைக்கும் வந்துது. பழத்தக் குடு."

அவள் படியில் அமர்ந்து பழத்தை உரித்தாள். அவள் விரலைப் பற்றியபடியே குரங்கு மெல்லத் தின்றது.

5

முடிவு ஒன்று: அவள் இறங்கிய பின் கழுகு வருகிறது. கன்னியம்மா கைகூப்புகிறாள். (எழுதக் கை கூசுகிறது.)

முடிவு இரண்டு: அவள் இருக்கையிலேயே கழுகு...

இரண்டிலும் கழுகே தீர்ப்புரைக்கிறது. அவ்வுரிமையை அதற்கு வழங்க எனக்கு மனமில்லை. மறுக்கவும் அஞ்சுகிறேன், பாவியென்ற பெயரின்றி அவள் ஊர் திரும்பியாக வேண்டுமே.

கடல்பக்கம் ஒரு வெண்புள்ளி தெரிகிறது. மேகமா, கழுகா என்பதைத் தாங்களே கொள்க. கழுகென்று கொள்வதாயின், தாழ்மையான ஒரு விண்ணப்பம்: குரங்கு இன்னும் தின்றுகொண்டிருக்கிறது, அதுவரை அவளும் படியை விட்டு எழமாட்டாள். அருள்கூர்ந்து, பழம் தீர்வதற்குள் இறக்கிவிடுங்கள்.