சப்புத் தண்ணீர்

"மீன் வீட்டுக்குள்ள வந்தாச்சு. அடுப்புக்கு வராத வரைக்கும் சரி" என்றுதான் அபிதகுஜாம்பாள் அந்தத் தொட்டியை வரவேற்றாள். அஸ்தினாபுரத்து வீட்டு ஹாலில், டிவி இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அவளுக்கும் பட்டாபிராமனுக்கும் ஒரே மகனான சத்யநாராயணன் கடல்மீன் தொட்டி வைத்த அன்று. உள்ளே நாலைந்து பாறைகள். ஒரு பாறையில் ஒட்டிக்கொண்டு விரல் விரலாக அசையும் கடல்சாமந்தி. அதன் மடியிலேயே குடித்தனம் நடத்தும் இரண்டு ஆரஞ்சு மீன்கள். அது பூ இல்லை, உயிருள்ள பிராணி என்று சத்யா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தான். அம்மாவுக்கு அது பூதான். "பூ இன்னிக்கு நன்னா விரிஞ்சிருக்குடா" என்பாள்.

தகராறெல்லாம் தண்ணீரில்தான். அந்தத் தெருவில் குழாயைத் திறந்தால் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்து வரும். பக்கெட்டில் பிடித்து வைத்தால் மறுநாள் விளிம்பில் வெள்ளை வளையம் கட்டியிருக்கும். உப்புத் தண்ணீர் மீனுக்கு இந்த உப்புத் தண்ணீரையே ஊற்றினால் என்ன என்று பட்டாபிராமன் கேட்டபோது மகன் சிரித்தான்.

"அப்பா, முதல்ல தண்ணியில ஒண்ணுமே இல்லாம பண்ணணும். அப்புறம் கடல் உப்பை நாமளா அளந்து கலக்கணும்."

சமையலறையிலிருந்த ஆர்.ஓ. மிஷினின் மூடியைக் கழற்றி உள்ளே எதையோ திருகி வைத்தான். அன்றைக்குப் பிடித்தது காபிக்குச் சனி.

"மீனுக்கு உபசாரம், பெத்தவாளுக்கு சப்புத் தண்ணி" என்றாள் அம்மா.

"மீனுக்குச் சொல்லத் தெரியாதும்மா. நீன்னா வாய் விட்டுச் சொல்லுவே."

"சொன்னா மட்டும் கேட்டுக் கிழிச்சுடுவியா?"

மாசி மாதத்தில் ஒரு நாள் சோழிங்கநல்லூர் ஆபீஸிலிருந்து திரும்பும்போது மேடவாக்கம் அருகே சத்யாவின் பைக் சறுக்கியது. அவன் வீடு வந்து சேரவில்லை.

காரியங்கள் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு தொட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி வழியாக வெளிச்சம் ஹாலில் ஆடியது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஆயுள் முழுக்கக் கையெழுத்துப் போட்டு ஓய்ந்த பட்டாபிராமனுக்கு அந்த வேலையை யாரும் கற்றுத்தரவில்லை. மகன் செய்வதைப் பார்த்திருந்தார், அவ்வளவுதான். ஆர்.ஓ. தண்ணீரை டிரம்மில் பிடித்தார், உப்பைக் கலந்தார், தண்ணீரை மாற்றினார். மீன்கள் பிழைத்தன. பூவும் விரிந்தது. அதைப் பார்க்கிறபோது, இதையாவது விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றும். அவருக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

அபிதகுஜாம்பாள்தான் கைக்கு அகப்படவில்லை. சமைத்தாள், பரிமாறினாள். உப்பு இல்லை என்றால் "அப்படியா" என்பாள். காபியைப் பாதி குடித்துவிட்டு எங்கேயாவது வைத்துவிட்டு மறந்துபோவாள்.

ஆடி பிறந்த சமயம். ஒரு காலை வேளையில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"ஏன்னா, என்ன தண்ணின்னா இது! சப்புனு. எவ்வளவு டிகாக்ஷன் விட்டாலும் ஏற மாட்டேங்கறது."

பட்டாபிராமன் நிமிர்ந்து பார்த்தார். குறை சொல்கிறாள்! மாசிக்கப்புறம் அவள் வாயிலிருந்து வந்த முதல் குறை. அப்போதே ஆர்.ஓ. சர்வீஸ் துரைக்குப் போன் போட்டார்.

துரை வந்து மூடியைத் திறந்ததுமே சிரித்தான். "இன்னா சார், டேஸ்ட் ஸ்க்ரூவ இப்டி டைட்டா மூடி வச்சிகினு காபி நல்லா இல்லன்னா எப்டி சார்? இத்தத் திறந்தாத்தான் கொஞ்சம் குழாத் தண்ணி கலக்கும். அப்பத்தான் ருசி."

"மீன் தொட்டிக்கும் இதுலதான் பிடிக்கறேன். ஒண்ணும் ஆகாதே?"

"நாம குடிக்கிற தண்ணி சார். மீனுக்கு இன்னா, கொம்பா மொளச்சிகீது?" என்றவன் உள்ளே திரும்பி, "மாமி, சாயங்காலம் காபி போட்டுப் பாருங்க. சும்மா கும்முனு இருக்கும்" என்றான்.

அன்று மாலை அவள் டம்ளரைக் காலி செய்தாள். "இன்னும் ஒரு வாய் கலக்கட்டுமா உங்களுக்கு?" என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் கண்ணாடியில் பச்சையாக வழுவழுவென்று படர ஆரம்பித்தது. துடைத்தார். மறுபடி படர்ந்தது. பூ முழுசாக விரியாமல் மடங்கியே கிடந்தது. தாம்பரத்தில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் ஜெயவேலுவுக்குப் போன் செய்தார்.

"தண்ணி மாத்துங்க சார். ஆர்.ஓ. தண்ணிதானே?"

"ஆர்.ஓ.தான்."

"அப்ப கவலயே படாதீங்க. பாதித் தொட்டி மாத்திடுங்க."

மாற்றினார். பூ இன்னும் சுருங்கியது. போதவில்லை போலிருக்கிறது என்று மறுபடி மாற்றினார். குடம் குடமாகத் தூக்கியதில் இடுப்பு விட்டுப்போயிற்று. மாற்ற மாற்ற அது கழுவாத கரித்துணி மாதிரி தொங்கிப்போனது.

தொட்டிச் சூட்டைப் பார்க்கத் தெர்மாமீட்டர் தேடி சத்யாவின் மேஜை இழுப்பறையைத் திறந்தபோதுதான் பேனா மாதிரி ஒன்று கையில் தட்டுப்பட்டது. தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று எண்ணாகக் காட்டும் மீட்டர். டிரம்மில் பிடித்ததும் சத்யா அதை முக்கி, "ரெண்டுப்பா! ரெண்டே ரெண்டு!" என்று பரீட்சை மார்க் மாதிரி கத்துவான். உப்புக் கலக்காத புதுத் தண்ணீரில் பட்டாபிராமன் அதை முக்கினார். இருநூறைத் தாண்டி நின்றது. துடைத்துவிட்டு மறுபடி முக்கினார். அதே எண்.

மருந்தென்று அவர் குடம் குடமாகத் தூக்கி ஊற்றியது இதைத்தான்.

மத்தியானம் அவள் படுத்ததும் ஸ்க்ரூடிரைவருடன் சமையலறைக்குப் போனார். துரை திறந்துவிட்ட திருகை மூடினார். மிஷினில் மிச்சமிருந்ததை வடித்துக் கொட்டிவிட்டு டிரம்மை நிரப்பினார். காபி வேளைக்கு முன்னால் மறுபடி திறந்து வைத்தார். தினமும் இப்படி ஒளிந்து செய்தால் போதும், இரண்டு பேரும் பிழைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தார். பூவையும் அவளையும்தான் இரண்டு பேர் என்று நினைத்தார்.

மறுநாள் மத்தியானம் பூ பாறையை விட்டுவிட்டது. மூலையில் கூழாகக் கிடந்தது. மூடியைத் தூக்கியதும் அழுகல் வாடை ஹாலெங்கும் பரவியது. ஒரு மீன் பக்கவாட்டில் மிதந்தது. இன்னொன்று பூ இருந்த வெற்றுப் பாறையை முட்டி முட்டித் திரும்பிக்கொண்டிருந்தது. நல்ல தண்ணீரில் உப்புக் கலந்து வைத்திருந்த வாளிக்கு அதை வலையில் மாற்றினார். அடியில் போய் அசையாமல் நின்றது. செவுள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. வேறென்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சொல்லக்கூடியவன் இல்லை.

அபிதகுஜாம்பாள் காபியோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"பூ போயிடுத்தா?"

"ம்."

"நீங்க என்ன பண்ணுவேள், பாவம். இடுப்பொடியத் தண்ணி மாத்தினேள். அதுக்கு ஆயுசு அவ்வளவுதான்." அவர் தோளில் கை வைத்தாள். இத்தனை மாதத்தில் அவள் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "ஆறறதுக்குள்ள குடிங்கோ. துரை வந்துட்டுப் போனதுலேர்ந்து தண்ணி தேவலை, இல்லையா?"

ஸ்க்ரூடிரைவர் அவர் வேட்டி மடிப்பில் உறுத்தியது.

"ஆமாம்" என்றார். குடித்தார். காபி நன்றாகத்தான் இருந்தது.