நோயில்லாதவளின் செல்கள்

மூன்றாவது முறையும் அதே கூத்து. அண்ணனின் தோலிலிருந்து வளர்த்தெடுத்த நரம்புச் செல்களில் கழிவு தேங்கிக் கிடந்தது. அது எதிர்பார்த்ததுதான். செல்லுக்குள் கழிவைச் சின்னச் சின்னப் பைகளில் அடைத்து அழிக்கிற இடத்துக்கு அனுப்பிவைக்கும் புரதம் ஒன்று உண்டு. அது மக்கர் பண்ணினால் செல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும், கை நடுங்கும், நடை தளரும். அண்ணனுக்கு நாற்பத்தாறு வயதிலேயே அப்படி ஆனது.

எரிச்சல் என்னவென்றால், ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த நோயில்லாத செல்களிலும் அதே தேக்கம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால், கையிலிருக்கும் மருந்து வேலை செய்கிறதா என்று எப்படிச் சொல்வது? அண்ணனுக்கோ மாதத்துக்கு மாதம் பேச்சு குழறிக்கொண்டே போகிறது.

அந்த நோயில்லாத செல்கள் என்னுடையவை. ஆய்வு செய்பவர் தன் செல்லைத் தரக்கூடாது என்பது எங்கள் லேபில் விதி. கூடப் பிறந்தவள் செல்தான் ஒப்பிடத் தோது என்று தலைவரிடம் மல்லுக்கு நின்று அனுமதி வாங்கியிருந்தேன். எனக்குத்தான் ஒன்றுமில்லையே!

அதனால் கோபமெல்லாம் மற்றவர்கள் மேல் போனது. செல்களை வளர்க்கிற இன்குபேட்டர் சரியில்லை என்றேன். கழிவைப் பார்க்கச் செல்லில் ஏற்றும் சாயம் பழசு என்றேன். எங்கள் இருவர் செல்களும் இருந்த பிளேட்டுகளை மாற்றி வைத்துவிட்டதாக டெக்னீஷியன் அக்காவைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். அவர் இரண்டு பிளேட்டுகளிலிருந்தும் கொஞ்சம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்.

நேற்று மதியம் முடிவைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்.

"பிளேட் மாறலம்மா. அண்ணனுக்கு இருக்கிற அதே பழுது உங்களுக்கும் இருக்கு. மொதல்ல ஒரு டாக்டரப் பாருங்க."

அப்போதும் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? வேறு யாரிடமாவது தோல் வாங்கி மறுபடி வளர்க்க வேண்டும், எட்டு மாதம் தண்டம் என்று கணக்குப் போட்டது. இப்படியும் ஒரு ஜென்மம். அக்காவிடம் மன்னிப்புக் கேட்கக்கூட மாலைதான் வாய் வந்தது.

அங்கிருந்து நேரே அண்ணன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குக் கை நடுங்குகிறதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். வெகுநேரம் வாயைக் கூட்டிக் கூட்டி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"அப்போ மருந்த உன் செல்லுல பாரு. என்னோடத தூக்கிப் போட்டுடு."

அண்ணன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் அதற்கு முன் வந்ததே இல்லை.