ராபர்ட் ரயிலுக்கு ஹாரன் வைத்த கதை

கிறிஸ்துமஸ் குடிலில் ரயில் ஓடலாமா என்று கேட்கிறவர்கள் கடலூர் முதுநகருக்குப் புதுசு. இங்கே குடில் போட்டி என்றால் சும்மா இல்லை. போன வருஷம் ஒரு வீட்டில் பெத்லகேமுக்கு மேம்பாலம் கட்டி, அதன் மேல் பண்ருட்டி பலாப்பழ லாரி ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். அதற்கு முந்தின வருஷம் ஒருத்தர் மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்திலேயே செல்போன் கோபுரம் நட்டு, உச்சியில் சிவப்பு விளக்கு வேறு எரியவிட்டார். ஆகவே, 2008-ஆம் வருஷம் ராபர்ட் தன் வீட்டுக் குடிலைச் சுற்றி ரயில் விட்டதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஒட்டகத்தில் அத்தனை தூரம் வந்த மூன்று ராஜாக்களுக்கு மட்டும் கொஞ்சம் மனவருத்தம் இருந்திருக்கலாம்.

ராபர்ட்டுக்குப் பரிசெல்லாம் ரெண்டாம்பட்சம். அவனுக்கு வேண்டியது மாமனார் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை. ஒன்றே ஒன்று. கல்யாணமாகி நாலு வருஷமாயிற்று, இன்னும் அது வந்தபாடில்லை.

மாமனார் சாமிக்கண்ணு சிதம்பரத்துக்காரர். மீட்டர் கேஜ் ரயிலில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவரா என்றால் அதுவும் இல்லை. மருமகனை "வாங்க மாப்ள, போங்க மாப்ள" என்று மரியாதையாகத்தான் பேசுவார், கறிக்குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்து அவன் தட்டில்தான் போடச் சொல்வார். ஆனால் பாராட்டு மட்டும் அவருக்குத் தொண்டையைத் தாண்டாது. ராபர்ட் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கருவிகள் பழுது பார்க்கிறவன், கை சும்மா இருக்காது. மாமனார் வீட்டு மின்விசிறியைக் கழற்றி, சுத்தம் பண்ணி, சத்தமில்லாமல் சுற்ற வைத்தான். "முன்னாடி ஓடுதுன்னாவது தெரியும்" என்றார். மிக்ஸியைச் சரி பண்ணினான். "ம்" என்றார். அந்த "ம்"மை வைத்துக்கொண்டு ராபர்ட் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட மனுஷர் இந்தக் கிறிஸ்துமஸுக்கு மகள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். ராபர்ட் உடனே முடிவு கட்டினான். அவர் ஓட்டிய ரயில் எஞ்சினையே செய்து கண்ணெதிரே ஓட்டிக் காட்டுவது. அப்புறம் எப்படி வாயைத் திறக்காமல் இருக்கிறார், பார்த்துவிடலாம்.

புதுச்சேரியிலிருந்து ஒரு சீன பொம்மை ரயில் வாங்கி வந்தான். அது ஓடும்போதெல்லாம் ஏதோ ஒரு பாட்டை மூக்கால் பாடிற்று. முதல் வேலையாக அந்தத் தொண்டையைப் பிடுங்கினான். மேல்கூட்டை எறிந்துவிட்டு, பழைய டிபன் டப்பாவை வெட்டிப் புது உடம்பு செய்து பெயின்ட் அடித்தான். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் ரெண்டு சிவப்பு விளக்கு, டிரைவர் உட்காரும் அறைக்குள் மங்கலாக ஒரு மஞ்சள் விளக்கு. மூன்று வாரம் சாப்பாட்டு மேசை முழுக்க ஒயர். அவன் மனைவி ஜெயராணி தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

"எங்கப்பா நெஜ ரயில ஓட்டனதுக்குக்கூட எங்கம்மா இவ்ளோ கஷ்டப்படல" என்றாள்.

விளக்கு சரி, சத்தத்துக்கு எங்கே போவது? சென்னையிலிருந்து கூட்டாளி ஒருத்தன் சத்தம் பதிகிற சில்லு ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தான். கட்டைவிரல் அகலம்தான். பட்டனை அமுக்கிப் பிடித்தால் சிவப்புப் பொட்டு எரியும், இருபது விநாடி வரைக்கும் கேட்கிறதையெல்லாம் பதிந்துகொள்ளும். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு காந்தம் ஒட்டிவைத்தால், எஞ்சின் அதைத் தாண்டும்போதெல்லாம் பதிந்ததைக் கத்தும். கத்துவதற்கு ரயில் ஹாரன் வேண்டுமே! பாதையை அகலமாக்குகிறோம் என்று சிதம்பரம் லைனில் தண்டவாளத்தைப் பேர்த்துப் போட்டு ரெண்டு வருஷமாகிறது. அந்த மீட்டர் கேஜ் எஞ்சின் இந்தப் பக்கம் ஏது?

ராபர்ட் யோசித்தான். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் காற்று ஹாரன் வைத்த தனியார் பஸ் ஒன்று நின்றது. டிரைவர் பொன்னுரங்கத்தைக் கெஞ்சி, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, நீளமாக ஒரு ஹாரன் அடிக்கச் சொல்லிப் பதிந்துகொண்டு வந்துவிட்டான். பெருசாக இருந்தது, கம்பீரமாக இருந்தது. ஹாரன் ஹாரன்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தான் புண்ணியவான். முப்பத்திரண்டு வருஷம் ரயில் ஓட்டின காதுக்கு முன்னால் இதை நினைத்தான், அதுதான் வேடிக்கை.

இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்கு சாமிக்கண்ணு வந்து சேர்ந்தார். காப்பியைக் குடித்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, குடிலுக்கு முன்னால் குந்தினார். ராபர்ட் சுவிட்சைப் போட்டான். எஞ்சின் கிளம்பி வைக்கோல் தொழுவத்தைச் சுற்றி வந்தது. மாமனார் முன் விளக்கைப் பார்த்தார். பின் விளக்கைப் பார்த்தார். தலையைத் தரையோடு சாய்த்து அறைக்குள் எரிந்த மஞ்சள் விளக்கைப் பார்த்தார். அங்கே கொஞ்சநேரம் அதிகமாகவே பார்த்தார். வாய் திறக்கப்போகிறார், இதோ, திறக்கப்போகிறார்!

அந்த நேரம் பார்த்து எஞ்சின் காந்தத்தைத் தாண்டிற்று. பாம்ம்ம் என்று வீடே அதிர்ந்தது.

சாமிக்கண்ணு நிமிர்ந்தார். "மாப்ள, இது சேத்தியாத்தோப்பு பஸ்ஸாச்சே?"

"இல்ல மாமா... அது வந்து..."

"தெனம் எங்கூட்டு வாசல்ல அடிச்சிக்கினு போறான், எனுக்குத் தெரியாதா? என்னா, இந்த ரயிலு சேத்தியாத்தோப்பு வழியா பெத்லகேம் போவுதா? எறங்கறவங்கல்லாம் முன்னாடி வாங்கன்னு ஒரு கண்டக்டரையும் வெச்சிடுங்க."

ஜெயராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். ராபர்ட்டுக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வாரம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வைத்த விளக்கெல்லாம் போயிற்று. இனி ஆயுசுக்கும் சிதம்பரத்தில் அவன் பேர் சேத்தியாத்தோப்பு மாப்பிள்ளைதான்.

"சத்தத்த எடுத்துடறேன் மாமா. சும்மாவே ஓடட்டும்" என்று எஞ்சினைக் கையில் எடுத்தான்.

சிரித்து முடித்து வந்த ஜெயராணி அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அப்பா பக்கம் திரும்பினாள்.

"ஏம்ப்பா, நாங்க சின்னப் புள்ளைங்களா இருக்கசொல்ல வாயாலயே ஊதிக் காட்டுவியே. அத ஊது. இதுல பதிஞ்சிக்கலாம்."

"போம்மா. மாப்ள முன்னாடி வாய உப்பிக்கினு நிக்கறதா? வெக்கமா இருக்குது."

"அவரு வெளியில நிப்பாரு. நான் பட்டன அமுக்கறேன்."

சாமிக்கண்ணு மறுபடி ஒருதரம் மருமகனைப் பார்த்தார். என்ன தோன்றிற்றோ, எழுந்து அறைக்குள் போனார். ஜெயராணி சில்லை வாங்கிக்கொண்டு பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

ராபர்ட் வாசலில் நின்றான். உள்ளே தொண்டையைச் செருமுகிற சத்தம். அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு ஹாரன்! அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நீளமாக இழுத்து, கடைசியில் லேசாகக் கமறி அடங்கிற்று. எதிர்வீட்டு இருசம்மாள் பாத்திரத்தைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்து, "ஏன் ராபர்ட்டு, ரயிலு உட்டுட்டாங்களா?" என்று கேட்டாள்.

பதில் சொல்லக்கூட நேரமில்லை. தெருமுனையில் பங்குச் சாமியாரும் போட்டி நடத்துகிறவர்களும் வந்துவிட்டார்கள், பின்னால் பாதித் தெரு. ஜெயராணி ஓடிவந்து சில்லைக் கையில் திணித்தாள். "ஒருதடவ போட்டுக் கேக்கலாமா?" என்றான். "அதெல்லாம் நல்லா வந்திருக்குது, மாட்டு" என்றாள். மாட்டி, கூட்டை மூடி, தண்டவாளத்தில் வைத்தான்.

விளக்கை அணைத்தார்கள். இருட்டில் எஞ்சின் வெளிச்சம் பாய்ச்சிக்கொண்டு வந்தது. காந்தத்தைத் தாண்டிற்று. ஹாரன் கிளம்பியதும் சாமியார் "அடடே!" என்றார், இருசம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ராபர்ட் மூச்சு விட்டான். ஹாரன் அடங்கிற்று. ஆனால் எஞ்சின் நிறுத்தவில்லை, பேச ஆரம்பித்தது.

"போதுமாம்மா? ...அந்த லைட்ட பாத்தியா ஜெயா? உள்ள ஒரு மஞ்ச வெளிச்சம் வெச்சிருக்கான் பாரு, நான் ராத்திரில உக்காந்திருந்த எடம் அப்டியேதான் இருக்கும். உன் ஊட்டுக்காரன் கையி தங்கம்மா. நான் சொன்னேன்னு சொல்லிடாத. அப்புறம் தரையில நிக்க மாட்டான்."

அப்புறம் பாதித் தெருவும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் குடில் மேலிருந்த நட்சத்திரம் ஆடிற்று. சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாமிக்கண்ணு மட்டும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் என்னமோ முக்கியமான தேதி தேடிக்கொண்டிருந்தார். ராபர்ட் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். சிவப்புப் பொட்டு எரிகிற வரைக்கும் விரலை எடுக்காமல் இருந்த அந்த மகராசி, வைக்கோலை அக்கறையாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"வண்டிய நிறுத்துங்க மாப்ள!" என்றார் மாமனார்.

"இன்னொரு சுத்து மாமா" என்றான் ராபர்ட். ஒரு சுற்று அல்ல, ஏழு சுற்று விட்டான். ஏழு தடவையும் அவன் கை தங்கமென்று ஊருக்கே எஞ்சின் சொல்லிற்று.

எல்லாரும் போன பிறகு சாமிக்கண்ணு மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"அத அழிச்சிடுங்க. ஹாரன வேணும்னா திருப்பி ஊதித் தரேன்."

ராபர்ட் எஞ்சினை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். "நாலு வருஷமா இதுக்குத்தான் காத்துக்கினு இருந்தேன் மாமா. அழிக்க மனசு வரல."

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று பெரியவருக்குத் தெரிந்துவிட்டது. வேட்டியை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"இதுக்காடா... இதுக்கா மாப்ள மெஷின்ல வெச்சிக்கினு இருக்கறது? நேர்ல சொன்னா அழிச்சிடுவீங்களா?"

"அழிச்சிடறேன்."

சாமிக்கண்ணு தொண்டையைச் செருமினார். ஹாரன் ஊதக்கூட அத்தனை நேரம் செருமவில்லை.

"நல்லா செஞ்சிருக்கீங்க மாப்ள. ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க."

ராபர்ட்டுக்குக் கண் நிறைந்துவிட்டது. எஞ்சினைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"காதுல சரியா உழல மாமா."

சாமிக்கண்ணு மருமகனை முறைத்தார். நன்றாக முறைத்துவிட்டு, இன்னொரு தடவை சொன்னார்.