கூடையில் வந்த கிராஃபிக்ஸ் கார்டு

உலக வரலாறு என்பது அடங்க மறுத்தவர்களின் வரலாறு. சாம்ராஜ்யங்கள் சரிந்ததும் மணிமுடிகள் உருண்டதும் யாரோ ஒருவர் நிமிர்ந்து நின்று "முடியாது" என்று சொன்னதால்தான். சொன்ன கையோடு அவர்கள் எல்லோருக்கும் ஒரு ஸ்க்ரூடிரைவர் தேவைப்பட்டிருக்கும். அதைத்தான் யாரும் எழுதிவைக்கவில்லை. இந்தக் கதையில் அடங்க மறுத்தவளிடம் இருந்தது, மாமியாரின் மூக்குக்கண்ணாடியை முடுக்குகிற ஸ்க்ரூடிரைவர்.

ஒரு கட்டட அலுவலகத்தில் பிளான் வரைகிறவள் அவள். பதினோரு வருடமாக மற்றவர்கள் யோசித்த சுவர்களுக்குக் கோடு போட்டவள், முதன்முறையாகத் தானே ஒரு கட்டடத்தை யோசித்திருந்தாள். குழந்தைகள் ஆஸ்பத்திரி. வாசலில் படியே கிடையாது. தெருவிலிருந்து மூன்றாவது மாடி வரை சுற்றிச் சுற்றி ஏறும் ஒரே சரிவுப் பாதை. தாளில் பார்த்தால் கம்பளிப்பூச்சி சுருண்டு படுத்த மாதிரி இருக்கும். கம்ப்யூட்டரில் உள்ளே நடத்திக் கூட்டிப்போனால்தான் புரியும்.

"வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்காரங்க வர்றாங்க. நடத்திக் காட்டினா உன் டிசைனையும் பார்ப்பாங்க. இல்லேன்னா ஒண்ணுதான்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அந்த ஒன்று ஜமீனுடையது. ஜமீன் என்பது தலைமை வடிவமைப்பாளருக்கு முதுகுக்குப் பின்னால் அலுவலகம் வைத்திருந்த பெயர். முகப்பில் பன்னிரண்டு தூண் இல்லாமல் அவர் ஒரு கழிப்பறைகூட வரைந்ததில்லை. அவர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழு நிறத்தில் விளக்கு எரிய ஒரு கம்ப்யூட்டர் கொலுவிருந்தது. அதற்குள், கட்டடப் படங்களைத் தடங்காமல் திரையில் ஓட்டுவதற்கென்று, செங்கல் பருமனில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. அலுவலகத்துக்கே அது ஒன்றுதான். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய மச்சான் வந்து மாட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து அதன் பக்கத்தில் நின்று யாரும் தும்மக்கூடாது.

"ஒரு மணி நேரம் உங்க மெஷின்ல ஓட்டிக்கிறேன் சார்."

"சூடாயிரும்மா."

"அப்ப என் லேப்டாப்புலயே ஓட்டிக் காட்டறேன்."

ஜமீன் சிரித்தார். சும்மா சிரித்தால் யாருக்குத் தெரியும்? கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சிரித்தார். "அந்த ஓட்டை லேப்டாப்புலயா? அதுல உன் பில்டிங் ஒரு அடி நகர்ந்துட்டா, இந்தக் கார்டைக் கழட்டி உன் கையில தர்றேன். எல்லாரும் சாட்சி!"

எல்லோரும் காதில் வாங்கிக்கொண்டார்கள்.

இழுத்து மூடிய ஒரு கேம் சென்டரிலிருந்து பழைய கார்டு ஒன்றை அவள் வாங்கிவந்தாள். கார்டோ பெரிய கம்ப்யூட்டருக்கானது, லேப்டாப்புக்குள் நுழையாது. வெளியே வைத்துத்தான் இணைக்க வேண்டும். லேப்டாப்பின் வயிற்றைத் திறந்து, வைஃபை சில்லைப் பிடுங்கி, அந்த இடத்தில் ஒரு ஒயரைச் செருகி, மறுமுனையில் இருந்த சின்னப் பலகையில் கார்டை உட்காரவைத்தாள். அதற்குத் தனியாகக் கரண்ட் ஊட்ட, செத்துப்போன கம்ப்யூட்டரின் பவர் பாக்ஸ். அதன் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் சேர்த்தால்தான் அது கண் விழிக்கும்.

சாப்பாட்டு மேசையில் இதெல்லாம் பரப்பிக் கிடந்ததை மாமியார் ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள்.

"என்னடி இது, போஸ்ட்மார்ட்டமா?"

"ஒரு சின்னக் கம்பி வேணும் அத்தை."

மாமியார் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவிக் கொடுத்தாள். "அந்த ஜமீனுக்கு இது போதும்."

விசிறி சுற்றியது. லேப்டாப்பும் கார்டைக் கண்டுகொண்டது. ஆனால் ஒயர் போட்டு இணைத்திருந்த டிவியில் கட்டடம் நொண்டியது. அரை மணி நேரம் எதையெல்லாமோ மாற்றிப் பார்த்தாள். அதே நொண்டல்.

"டிவி ஒயரை எங்க செருகியிருக்க?"

"லேப்டாப்புல."

"படத்தை யார் அனுப்பணும்?"

"கார்டு."

"அப்ப ஒயருக்கு லேப்டாப்புல என்ன வேலை? முப்பத்திரண்டு வருஷம் இதைத்தானே பார்த்தேன். ஒரு ஓட்டை தள்ளிச் செருகினா, எவன் பொண்டாட்டியோ எவன்கிட்டயோ பேசிட்டிருப்பா."

ஒயர் கார்டுக்கு மாறியது. கட்டடம் எண்ணெய் போட்ட மாதிரி நகர்ந்தது. மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூன்றாவது மாடி வரை ஏறிப் பார்த்துவிட்டு, "முட்டியே வலிக்கலைடி" என்றாள்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் ஜமீன் அறையில் கூடினார்கள், அவருடைய மெஷின் அறையை விட்டு வெளியே வராது என்பதால். முதலில் அவர் காட்டினார். தூண்கள் ஒவ்வொன்றாக, விக்கி விக்கி வந்தன.

"கட்டடம்னா இப்படித்தான் நின்னு நிதானமா பார்க்கணும்" என்றார் ஜமீன்.

ஏழாவது தூணில் திரை அப்படியே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் துவைத்த துணி போடும் கூடையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள்.

"என்னம்மா, அப்படியே சந்தைக்குப் போறியா?"

"இல்ல சார். உங்க கார்டை எடுத்துட்டுப் போகக் கூடை வேணும்ல?"

லேப்டாப், கார்டு, பவர் பாக்ஸ், ஹேர்பின். தன் ஒயரைக் கார்டிலிருந்து அவருடைய திரையின் இன்னொரு வாயில் செருகினாள். தெரு வந்தது, வாசல் வந்தது, சரிவு மெல்ல ஏறியது.

"வீல்சேர்ல இருக்கிற பிள்ளையோட கண்ணுக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

அவள் பார்வையை இடுப்பளவுக்கு இறக்கினாள். மாடி வரும்வரை டாக்டரம்மா திரையை நோக்கிக் குனிந்தபடியே இருந்தார். வந்ததும், "இதுதான்" என்றார்.

"டிசைன்னு இருக்கிற இடத்துல உன் பேரைப் போட்டு அனுப்பு" என்றார் முதலாளி.

விருந்தாளிகள் போன பிறகும் அவள் நகரவில்லை. கண்ணாடி முடுக்கும் ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஜமீனிடம் நீட்டினாள்.

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா."

"பதினோரு வருஷமா நீங்க பேச்சுக்குச் சொன்னதைத்தான் சார் அளவு மாறாம வரைஞ்சிட்டிருக்கேன். இதையும் அளவு மாறாம முடிச்சிடுவோம்."

"கழட்டுங்க சார்" என்றார் முதலாளி. "எல்லாரும் கேட்டோம்ல."

ஜமீன் கடைசியாக ஒரு முறை மார்பை நிமிர்த்தினார். "கழட்டறேன். ஆனா இது போயிட்டா என் மெஷின் பொணம். திரையில ஒரு புள்ளி வராது. ஆபீஸுக்குத்தான் நஷ்டம்."

கழற்றிக் கொடுத்தார். அவர் சொன்னதை நிரூபிக்க மெஷினை ஆன் செய்தார்கள். திரை வந்தது. தூண்களும் வந்தன, அதே விக்கலோடு. ஏழாவது தூணில் நின்றது.

அவள் கையிலிருந்த கார்டைத் திருப்பிப் பார்த்தாள். திரையின் ஒயரைச் செருகும் நான்கு வாய்களிலும் கம்பெனி போட்டு அனுப்பிய ரப்பர் மூடி, இரண்டு வருடமாக யாரும் கழற்றாமல், அப்படியே இருந்தது.