வெட்டாத மின்னல்

“சோதனையில பாஸ் ஆயிடுச்சுக்கா, சொன்னா கேளு—”

“எந்த அளவுல ஓட்டிச் சோதிச்சே? அதை முதல்ல சொல்லு—”

“நான் ஓட்டுறப்ப நீ ஏன் வந்தே? வந்தவ கண்ணையாவது இறுக்கி மூடிக்க வேண்டியதுதானே!”

“மூடினா போதுமா? இமை வழியாவும் வெளிச்சம் ஏறும்டா. ஒரு கண்ணை உள்ளங்கையால பொத்தணும், ஒத்தைக் கண்ணு வெளிச்சம் அவ்வளவா தாக்காது. கூடப் பிறந்தவனுக்கு இதுகூடத் தெரியலை!”

பொத்திய கையை அக்கா இன்னும் எடுக்கவில்லை. விட்டுவிட்டு வெட்டும் வெளிச்சம் பட்டால் அவளுக்கு வலிப்பு வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மழை இருட்டினால் போதும், அம்மா அவளை உள்ளறைக்குத் தள்ளி ஜன்னல் திரையை இழுத்துவிடுவாள்.

வானிலை அருங்காட்சியகத்தின் இணையதளத்துக்குத் தம்பி செய்த முகப்பு அது. அதிவேகக் கேமராவில் எடுத்த, மெதுவாக விரியும் நிஜ மின்னல் படத்தைக் கொடுத்திருந்தார்கள். அதைத் துண்டு துண்டாக நறுக்கி, பளிச் பளிச்சென்று வெட்ட வைத்திருந்தான். வெட்டும் வெளிச்சம் வலிப்பைத் தூண்டுமா என்று பார்க்கும் சோதனை மென்பொருள் சரி என்றது உண்மைதான். ஆனால் அவன் அதைத் திரையின் மூலையில், உள்ளங்கையகலத்தில் ஓட்டிப் பார்த்திருந்தான். வீட்டுக் கூடத்து டிவியின் பெரிய திரையை அது அடைத்துக்கொண்டபோது கதையே வேறு.

“மிரட்டணும்னு கேட்டாங்கக்கா. மெதுவா விட்டா அது மின்னலா, நத்தையா?”

“நத்தையாவே இருந்துட்டுப் போகட்டும். நான் கண்ணைப் பொத்திக்கிட்டேன். என்னை மாதிரி இன்னொருத்தி தெரியாம திறந்தா? ஒவ்வொரு வீட்டுக்கும் ஓடிப்போய் நீ பொத்துவியா?”

அவன் கணினிப் பக்கம் திரும்பினான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நறுக்கியதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, கொடுத்தபடியே முழுசாக, நிதானமாக ஓடவிட்டான். இந்தத் தடவை பெரிய அளவிலேயே சோதித்தான். தேறியது. மனசு கேட்காமல் இன்னொரு தரமும் சோதித்தான்.

“இப்ப வாக்கா.”

“கூப்பிட்டுட்டு அப்புறம் ஆம்புலன்ஸையும் கூப்பிடாதே.”

பொத்தியபடியே வந்து நின்றாள். மேகத்தின் அடியில் ஒரு வெளிச்சம் கசிந்தது. இறங்கியது. கிளைத்தது. ஒரு கிளை வழி தெரியாமல் தயங்கி அணைய, பக்கத்துக் கிளை தரையைத் தேடிக்கொண்டு போயிற்று. அவனே இதை இப்படி முழுசாகப் பார்த்ததில்லை; வெட்டுகிற அவசரத்தில் எங்கே பார்த்தான்?

அக்காவின் விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. இரண்டு கண்ணிலும் அந்த வெளிச்சம்.

“டேய்... நீங்கல்லாம் இத்தனை வருஷமா ஜன்னல்ல நின்னு இதையா பார்த்துக்கிட்டிருந்தீங்க?”