முன் இருக்கை

கெனினா வைக்கோல் கட்டும் நீலக் கயிற்றால் தலையணையை வேனின் முன் இருக்கையோடு இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது, சமையலறைச் சன்னலின் வழியாக அவளுடைய தந்தையின் குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சைச் செலவழித்துப் பேசும் குரல் அது. ஆனால் அதன் அதிகாரத்தில் எந்தக் குறையும் இல்லை.

"ரெண்டு முடிச்சுப் போடு. வளைவுல அவுந்துரும்."

அவள் இரண்டு முடிச்சுப் போட்டாள். காலையில் வந்துபோன செவிலி, அவருடைய இதயம் களைத்துவிட்டது, இன்றோ நாளையோ என்று கூறியிருந்தாள். அப்படிப்பட்ட நாளில் ஒரு மகள் கட்டிலருகே அமர்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கெனினாவோ முழங்கை வரை கிரீஸும், காலில் ரப்பர் பூட்ஸுமாக, ஏதோ திருமணத்திற்குப் புறப்படுகிறவளைப் போல ஓடிக்கொண்டிருந்தாள்.

அன்று சனிக்கிழமை. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவின் மேற்குக் கரையில் அது இலையுதிர்காலத் திருவிருந்தின் சனிக்கிழமை. விசுவாசத்தை வெளிப்படையாக அறிக்கையிட்டு, மறுநாள் கர்த்தருடைய மேசையில் அமர விரும்புகிறவர், அன்று மாலைக்குள் போதகர் இல்லத்திற்குச் சென்று போதகரையும் மூப்பர்களையும் சந்திக்க வேண்டும். அவர்கள் கேட்பதற்கு அவர் பதில் கூற வேண்டும். ஏற்றுக்கொண்டால் ஒரு சிறிய ஈயத் தகட்டைக் கையில் கொடுப்பார்கள். அந்தத் தகடு இல்லாதவருக்கு மேசையில் இடமில்லை. மூப்பர்களின் கூட்டம் முடிந்துவிட்டால் அடுத்த வாய்ப்பு வசந்த காலத்தில்தான்.

இந்தக் கரையில் அந்தக் கதவை நோக்கி நடப்பது எளிதன்று. ஓர் ஆராதனையைக்கூடத் தவறவிடாதவர்கள், சங்கீதங்களை மனப்பாடமாகப் பாடுகிறவர்கள், தங்களுக்குத் தகுதியில்லை என்று கூறி ஆயுள் முழுவதும் பின்வரிசையிலேயே அமர்ந்திருந்து அங்கிருந்தே கல்லறைக்குப் போயிருக்கிறார்கள். அதைப் பக்தி என்றே ஊரார் மதித்தார்கள்.

அத்தகையவர்களை அழைத்துச் செல்வதே கெனினாவின் தந்தை டோர்க்விலின் வேலையாக இருந்தது. யாரும் அவருக்குக் கொடுத்த வேலையன்று அது. வாரநாள்களில் இதே வேனில் வீடுவீடாக ரொட்டி விற்ற அவரிடம், காசைக் கொடுக்கும்போது யாராவது தாழ்ந்த குரலில் ஒரு வார்த்தை கூறுவார்கள். சனிக்கிழமை மாலை, ஹாரன் அடிக்காமல், அவர் அந்த வீட்டு வாசலில் வந்து நிற்பார். வருகிறவர் முன் இருக்கையில் அமர்வார். வழியில் டோர்க்வில் உபதேசம் எதுவும் செய்வதில்லை. "பசிக்குதா? பசிச்சாப் போதும். அது பசிச்சவங்களுக்குப் போட்ட மேசை" என்பதற்கு மேல் அவர் பேசியதில்லை. வந்தவரை உள்ளே அனுப்பிவிட்டு, எஞ்சினை அணைக்காமல் வெளியே காத்திருப்பார். வெளியே தமக்காக ஒருவர் இருக்கிறார் என்பது உள்ளே இருப்பவருக்குக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. சபையில் மேசையைச் சுற்றி அமர்கிறவர்களில் பாதிப் பேர் அந்த இருக்கையில் வந்தவர்கள்தான்.

டோர்க்விலோ அந்த வாசலில் ஒருமுறைகூட வேனைவிட்டு இறங்கியதில்லை. யாராவது கேட்டால், "அடுத்த தடவை பாப்போம்" என்பார்.

இன்று நண்பகலில், வேலை செய்யக்கூடாத ஞாயிறு ஓய்வுநாளுக்கான உருளைக்கிழங்குகளைக் கெனினா முன்கூட்டியே தோலுரித்துக்கொண்டிருந்தபோது, அவர் சமையலறையில் போட்டிருந்த படுக்கையிலிருந்தபடியே கூறினார்: "இன்னிக்கு நான் போறேன்."

மருத்துவமனைக்கு என்று அவள் நினைத்தாள். விளங்கியபோது கத்தி கிழங்கோடு வாளிக்குள் விழுந்தது.

கெனினா தொலைபேசியில் அழைத்துச் சொன்னதும் போதகர் லாக்லன் சிறிதும் தயங்கவில்லை. பெருநிலத்திலிருந்து வந்த இளைஞர் அவர். மூப்பர்களை அழைத்துக்கொண்டு தாமே வீட்டிற்கு வருவதாகக் கூறினார். டோர்க்வில் அதற்குச் சம்மதிக்கவில்லை.

"வாசல்ல வந்து குடுத்துட்டுப் போறதுக்கு இது என்ன ரொட்டியா? எல்லாரும் போன மாதிரி நானும் போவேன்."

பக்கத்து வீட்டு பெல்லாக் அப்போதுதான் ஒரு பானை சூப்போடு உள்ளே நுழைந்தாள். கணவனை இழந்தவள், வாயை இழக்காதவள். முன்னொரு சனிக்கிழமை அவளும் அந்த இருக்கையில் வந்தவள்தான். விஷயத்தைக் கேட்டதும் பானையை இறக்கி வைக்காமலேயே சிரித்தாள்.

"ஏண்ணே, ஊரையெல்லாம் பந்திக்கு அனுப்பிட்டு நீங்க மட்டும் வாசல்லயே நின்னீங்க. இப்ப இலை எடுக்குற நேரத்துல பசிக்குதாக்கும்?"

"பேச்சை விடு. காலைப் பிடி" என்றார் அவர்.

சமையலறை நாற்காலியோடு சேர்த்தே அவரைத் தூக்கி வந்து இரு பெண்களும் வேனில் ஏற்றினார்கள். முன் இருக்கையில் அமர்ந்ததும் அவர் சுற்றிலும் பார்த்தார். தம் சொந்த வேனை அந்தப் பக்கத்திலிருந்து அவர் அதுவரை பார்த்ததில்லை. கதவின் உட்புறக் கைப்பிடி தேய்ந்து வெளுத்திருந்தது. எத்தனையோ பேர் இறங்க மனமில்லாமல் அதை இறுகப் பற்றியிருந்தார்கள். அவரும் பற்றிக்கொண்டார்.

பெல்லாக் நாற்காலியோடும் பானையோடும் பின்னிருக்கையில் ஏறினாள். கெனினா கியரை மாற்றினாள். கூட்டம் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். அதற்குமுன் அவருடைய மூச்சு முடியாமல் இருக்க வேண்டும். அந்த இரண்டையும் தவிர அவளுடைய மனத்தில் வேறெதுவும் இல்லை.

அந்தச் சாலையில் ஒரு வாகனம்தான் செல்ல முடியும். எதிரே ஒன்று வந்தால் இருவரில் ஒருவர் ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிட வேண்டும். வழிவிட்டவருக்கு மற்றவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார், இவரும் உயர்த்துவார். டோர்க்விலின் கையில் அன்று ஸ்டியரிங் இல்லை. ஆயினும் கார் எதிர்ப்படும்போதெல்லாம் முழங்காலின்மேல் கிடந்த அவருடைய ஆள்காட்டி விரல் தானாக எழுந்தது.

முதல் வளைவில் செம்மறியாடுகள் வெப்பத்திற்காகத் தார்ச்சாலையின்மேல் படுத்துக்கிடப்பது வழக்கம். இன்று அங்கே ஓர் ஆடுகூட இல்லை. கையில் கோலுடன் ஒருவர் ஓரத்தில் நின்று, தொப்பியை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார். கெனினாவிற்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாவது வாயிலில் ஒரு தாயும் மகளும் நின்றிருந்தார்கள். மூன்றாவதில் கசாப்புக்காரர் இரத்தக்கறை படிந்த மேலங்கியோடு நின்று கையை உயர்த்தினார். சுற்றுலாப் பயணிகளின் பெரிய வாகனம் ஒன்றை ஒதுங்குமிடத்திற்குள் ஓட்டச்செய்து, அது வெளியே வராதபடி யாரோ ஒரு டிராக்டரைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள்.

"அத்தை, யாருக்கெல்லாம் சொன்னீங்க?" என்று கெனினா கேட்டாள்.

"யாருக்கும் சொல்லல. ஒரே ஒருத்திக்குத்தான் சொன்னேன். ஆனா ஆளைப் பாத்துச் சொன்னேன்" என்றாள் பெல்லாக்.

ஒவ்வொரு வாயிலிலும் நின்றவர்கள் டோர்க்வில் ஒருகாலத்தில் அழைத்துச் சென்றவர்கள். எவரும் கூவவில்லை, எவரும் அழவுமில்லை. விடுமுறைக் காலத்தில் படகுப் போட்டியைப் பார்க்க நிற்பவர்களைப் போல, முகம் சிவக்க, ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு நின்றார்கள். கெனினாவின் கால் தானாகவே ஆக்சிலரேட்டரை அழுத்தியது.

"மெதுவா போ" என்றார் டோர்க்வில். சற்று நேரத்திற்குப்பின், "ரொம்ப மெதுவா இல்ல" என்றார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது போதகர் இல்லத்தின் கதவு திறந்தேயிருந்தது. படியில் ஃபின்லே நின்றிருந்தார். அவர் கெனினாவின் தாய்மாமன், மூப்பர்களில் கண்டிப்பானவர். சாவுக்கு அஞ்சி வருகிறவனைச் சேர்த்துக்கொள்வது மேசைக்கு அவமானம் என்று கூட்டங்களில் பலமுறை கூறியவர். அவருடைய முகத்தைக் கண்டதும் கெனினா வேனைப் படிக்கு நெருக்கமாக ஒட்டி நிறுத்தினாள்.

அவள் எஞ்சினை அணைத்துவிட்டு நாற்காலியை எடுக்கத் திரும்பினாள். தந்தையின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. அவரை இனி அசைக்க முடியாது. அதை அவரும் அறிந்திருந்தார். படியைப் பார்த்தார், கைப்பிடியை இன்னும் விடவில்லை.

"இந்தத் தடவையும் எறங்க முடியல" என்றார்.

போதகர் லாக்லன் படியிறங்கி ஓடிவந்தார். வேனுக்குள் எட்டிப்பார்த்தார். பிறகு பின்கதவைத் திறந்து, குனிந்து, உள்ளே ஏறிக்கொண்டார். மற்ற இரு மூப்பர்களும் அவரைப் பின்தொடர்ந்தார்கள். ஃபின்லே கடைசியாக ஏறி, வேறிடம் இல்லாமல், பெல்லாக் இறங்கிச்சென்ற இருக்கையில் சூப்புப் பானையை மடியில் வாங்கிக்கொண்டு அமர்ந்தார். மூப்பர் மூவரும் தாங்கள் ஒருகாலத்தில் இந்த வேனில்தான் வந்தோம் என்பதை நினைத்தவர்களாக, முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டார்கள்.

கூட்டத்தில் வெளியார் இருக்கக்கூடாது. போதகர் தயக்கத்துடன் கெனினாவைப் பார்த்தார்.

"அவ டிரைவர். இருக்கட்டும்" என்றார் டோர்க்வில். "ஓட்டுறவளை யாரும் ஒண்ணும் கேக்கப்போறதில்ல." பிறகு அவளிடம் திரும்பி, "எஞ்சினைப் போடும்மா. உள்ள ஆள் இருக்குல்ல" என்றார்.

அவள் சாவியைத் திருப்பினாள். வேன் அதிரத் தொடங்கியது. போதகர் உரத்த குரலில் ஜெபித்துக் கூட்டத்தைத் தொடங்கினார். பாவத்தைக் குறித்தும் கிருபையைக் குறித்தும் அவர் கேட்டவற்றுக்கு டோர்க்வில் சுருக்கமாக, ஆனால் தெளிவாகப் பதில் கூறினார். பின்னர் வழக்கப்படி, மூப்பர்களுக்கு ஏதேனும் கேட்கவேண்டுமா என்று போதகர் வினவினார். கெனினா பின்புறக் கண்ணாடியில் மாமனின் முகத்தைப் பார்த்தாள்.

ஃபின்லே தொண்டையைச் செருமினார். "மச்சான், நேராவே கேக்குறேன். சாவு பயமா?"

"ஆமா. பயந்தான். நீ வந்த அன்னிக்கு உனக்கு என்ன, வீரமா? இந்தக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு எறங்க மாட்டேன்னுட்ட. கோயிலைச் சுத்திச் சுத்தி வந்தே பெட்ரோல் தீந்துச்சு."

மூப்பர்களில் ஒருவர் இருமலைப்போல ஒன்றை வெளியிட்டார். ஃபின்லே சிரிக்கவில்லை.

"அது கெடக்கட்டும். என்னையெல்லாம் உள்ள தள்ளிவிட்ட ஆளு நீ. நீ ஏன் வரல? அதைச் சொல்லு."

டோர்க்வில் நெடுநேரம் மூச்சைச் சேகரித்தார்.

"வெளிய நிக்கிறவனை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, ஃபின்லே. அது சுகமா இருந்துச்சு. அதுக்குத் தாழ்மைன்னு பேரு வச்சுக்கிட்டேன்." அவர் கண்களை மூடித் திறந்தார். "ஊரையே கூப்பிட்டேன். இவளை மட்டும் ஒரு தடவகூடக் கூப்பிடல. கூப்பிட்டா, நீங்க ஏன் போகலைன்னு கேட்டுருவாளே."

கெனினா ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே அமர்ந்திருந்தாள்.

ஃபின்லே பானையை மெல்லக் கீழே வைத்தார். வேறு கேள்வி இல்லை என்று போதகரிடம் கூறினார். பிறகு தாமே சட்டைப்பைக்குள் கைவிட்டு ஓர் ஈயத் தகட்டை எடுத்து, இருக்கையின்மேல் எக்கி, டோர்க்விலின் உள்ளங்கையில் வைத்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.

"நாளைக்கு என் பக்கத்துல உக்காரு" என்றார்.

"நீ கொஞ்சம் தள்ளி உக்காந்தா வாரேன். உன் உடம்புக்கு ரெண்டு பேர் எடம் வேணும்."

அப்போதுதான் ஃபின்லே சிரித்தார். சிரித்த முகத்தைச் சன்னலின் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே பெல்லாக், கதவு திறக்கும்வரை பொறுக்கமாட்டாமல், சன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

திரும்பும்போது ஃபின்லேவும் உடன் வந்தார். மச்சானை இறக்குவதற்கு ஓர் ஆண் வேண்டும் என்று காரணம் கூறினார். சாலையோரத்தில் இன்னும் ஆட்கள் நின்றிருந்தார்கள். டோர்க்வில் மடக்கிய கையைச் சன்னலில் தெரியும்படி தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. டிராக்டர்காரர் ஹாரனை அடித்தார். அதைக் கேட்டு, வழி அடைபட்டுக் கிடந்த சுற்றுலாப் பயணிகளும் காரணம் அறியாமலேயே ஹாரனை அடித்தார்கள். கெனினா வாய்விட்டுச் சிரித்தாள். நாளைக்கு எந்தச் சட்டை என்று கேட்டாள். சாம்பல் நிறம் என்றார் டோர்க்வில். அதன் கழுத்துப்பட்டி தேய்ந்துவிட்டதே என்றாள். மேசையில் யாரும் கழுத்துப்பட்டியைப் பார்ப்பதில்லை என்று பெல்லாக் பின்னாலிருந்து கூறினாள். பார்ப்பதில்லை என்று அவள் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள் என்றார் ஃபின்லே.

சாலையோர ஏரியை நெருங்கியபோது பெல்லாக் தாழ்ந்த குரலில் ஒரு சங்கீதத்தை எடுத்தாள். ஃபின்லே அடுத்த அடியைப் பிடித்துக்கொண்டார். டோர்க்விலின் உதடுகள் அசைவதைக் கெனினா ஓரக்கண்ணால் கண்டாள். சூரியன் நீரின்மேல் சாய்ந்திருந்தது. எதிரே, மாலை ஜெபக்கூட்டத்திற்குச் செல்லும் ஒரு குடும்பத்தின் கார் வந்தது. கெனினா ஒதுங்குமிடத்தில் வேனை நிறுத்தி வழிவிட்டாள். கார் கடக்கும்போது அதை ஓட்டியவர் விரலை உயர்த்தினார்.

முழங்காலின்மேல் கிடந்த விரல் எழவில்லை.

அவள் காத்திருந்தாள். கார் கடந்து சென்றது. மறுகை மடங்கியபடியே இருந்தது. அதனுள் தகடு இருந்தது. கயிற்றின் இரு முடிச்சுகளும் தலையணையையும் அதன்மேல் சாய்ந்த தலையையும் நேராகப் பிடித்துக்கொண்டிருந்தன. பின்னிருக்கையில் சங்கீதம் அடுத்த அடிக்குச் சென்றது. அவள் பாட்டை நிறுத்தவில்லை.

இன்னொரு கார் வந்தது. கெனினா தன் விரலை உயர்த்தினாள். பிறகு மெதுவாக வண்டியைச் சாலைக்கு ஏற்றினாள்.

வீட்டு வாசலில் அவள் நிறுத்தியபோது பாட்டும் முடிந்திருந்தது. ஃபின்லே முன்னால் குனிந்து மச்சானின் தோளைத் தொட்டார். தொட்ட கையை எடுக்கவில்லை. பெல்லாக்கும் அறிந்துகொண்டாள்.

"எஞ்சினை அணைச்சிரும்மா" என்றாள் பெல்லாக், மெல்ல.

"இருக்கட்டும் அத்தை" என்றாள் கெனினா.

முன் இருக்கையின் கதவுக் கைப்பிடி எஞ்சினின் அதிர்வில் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.