கிளிநொச்சிக்காரியின் கூடை

றக்வான மலையில் பனி இன்னும் விலகவில்லை. அட்டைக்குப் பயந்து சவர்க்காரம் பூசிய கால்களோடு, ஈரமான சாக்குப் படங்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஜெயம்மா தேயிலை நிரைக்குள் இறங்கினாள். விரல்கள் விறைத்தன. போன வாரம் கீழ் லயத்து வீடுகளுக்குள் பொலிஸ் புகுந்து, புலிகள் என்ற சந்தேகத்தில் பையன்கள் இருவரை ஜீப்பில் ஏற்றிப்போனது. அவள் மகன் சுதாகரனுக்கும் அதே வயது.

அடுத்த நிரையில் விஜயகலா. கூடப் பறிக்கும் அழகம்மாவின் அண்ணன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் வடக்கே வன்னிக்கு ஓடியவர்; அவருடைய மகள். இப்போது கிளிநொச்சியில் குண்டு விழ, கைக்குழந்தையோடு அத்தை வீட்டுக்கு ஓடிவந்தவள். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் தலை நிமிராமல் பறித்தாள்.

அதுதான் வினையானது. நேற்றுக் கொழுந்து நிறுக்கையில் தோட்ட மனேஜர் துரை சிரித்தார்.

"அகதிப் பொம்பளை இருபத்திநாலு கிலோ எடுக்குது. ஒங்களுக்கு என்ன கேடு? நாளைக்கு இருந்து எல்லாருக்கும் இருபத்திரண்டு. கொறஞ்சா அரைப்பேர், அரைநாள் சம்பளந்தான்."

"இதுவரைக்கும் பதினெட்டுத்தானுங்களே தொர?" என்றார் சங்கத்தின் தோட்டத் தலைவர் செல்லையா.

"சத்தம் போட்டா, லயத்துல யார் யார் ஒளிஞ்சிருக்குன்னு பொலிசுக்குச் சொல்லுவேன்."



இன்று ஜெயம்மா விஜயகலாவின் காதுபடவே சொன்னாள்: "எல்லாம் இவளால வந்தது. அனுப்பிவிடு அழகம்மா. இவ வடக்குப் பேச்சுல வாயத் தொறந்தாலே நம்ம புள்ளைகளையும் சேத்துப் புடிப்பாங்க."

"எங்க அனுப்ப? அவ அப்பன் பொறந்தது இந்த லயத்துலதான்."

விஜயகலா நிமிர்ந்தாள். "நான் போறனக்கா. நான் போனா துரை திரும்பப் பதினெட்டாக்குவாரோ?"

ஜெயம்மாவின் கை செடியிலேயே நின்றது. ஆக்கமாட்டார். அது அவளுக்குத் தெரியும்.

பிள்ளைத்தாச்சியின் கூடைக்கு ஆளுக்கொரு பிடி போட்டு எடையைச் சரிக்கட்டுவது அந்த மலையில் வழக்கம்.

"ஒன் கூடையக் கொட்டுடி," என்றாள். "எல்லாரும் கொட்டுங்க. பங்கு போடுவோம். பதினெட்டுக்கு மேல ஒரு கூடையும் ஏறக்கூடாது."

"இப்பத்தான வெரட்டுன?" அழகம்மா முறைத்தாள்.

"பயத்துல ஒளறிட்டேன். கொட்டு."

"அரைப்பேர் போடுவாரே?"

"எல்லாருக்கும் போடட்டும். நாளைக்குக் காலைப் பெரட்டுல வேலைக்குன்னு ஒரு தலையும் வந்து நிக்காது."

மாலையில் தராசு ஒவ்வொரு கூடைக்கும் பதினெட்டையே காட்டியது. துரையின் முகம் சிவந்தது.

"எங்க அந்தக் கிளிநொச்சிக்காரி?"

ஜெயம்மா விஜயகலாவை மறைத்து நின்றாள். "இங்க எல்லாம் ஒரே தோட்டத்து ஆளுங்கதாங்க தொர."

துரை டெலிபோனை நோக்கி நடந்தார். சற்று நேரத்தில் கீழ்ப் பாதையில் ஜீப் ஒன்று உறுமி ஏறும் சத்தம். செல்லையா முன்னால் வந்து நின்றார். பெண்கள் கலையவில்லை. விஜயகலாவைச் சுற்றி நெருங்கினார்கள்.

"பயமா இருக்கா?" என்றாள் ஜெயம்மா.

"ஓமக்கா."

"எனக்குந்தான். ஒட்டி நில்லு."